பல்கலைக்கழகத்தில் இடைநிலை வணிக ஆங்கிலம்: தெரிந்த ஆங்கிலத்தை வேலைக்குப் பழக்குவது எப்படி

இரண்டாம் ஆண்டில் வணிக ஆங்கிலப் பாடத்தின் முதல் பயிற்சி ஒரு மின்னஞ்சல். சரக்கைப் பத்து நாள் முன்னதாக அனுப்ப முடியுமா என்று சப்ளையரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஒன்பது வரி எழுதினேன். எங்கள் நிறுவனம் என்ன செய்கிறது, அவர்களோடு எத்தனை வருடப் பழக்கம், கிடங்கில் இருப்பு எப்படிக் குறைந்துகொண்டே வருகிறது என்று எட்டு வரி. ஒன்பதாவது வரியில் கோரிக்கை. இலக்கணப் பிழை ஒன்றே ஒன்று. பேராசிரியை அந்தப் பிழையைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசி வரியை மட்டும் அடிக்கோடிட்டு, தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "மேல இருக்கிற எட்டு வரியும் நீ உனக்காக எழுதிக்கிட்டதும்மா. இந்த ஒரு வரிதான் அவருக்கு எழுதினது."

பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்துவிட்டு வணிகவியலுக்கு வந்தவள் நான். ஆங்கிலம் புரியும், படிப்பேன், தேர்வில் மதிப்பெண்ணும் வரும். எனக்குக் குறை சொற்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அடிக்கோட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது: அந்த மின்னஞ்சலுக்குத் தேவையான சொற்கள் எல்லாமே எனக்குத் தெரியும், அவற்றை எந்த வரிசையில் யாருக்காக வைக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. இப்போது கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது மின்னஞ்சல் எழுதுகிறேன். அந்தப் பாடத்தை இப்போது எடுத்திருப்பவர்களுக்கு, எனக்குப் பலன் தந்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. நடுவில் உள்ள பி1, பி2 இரண்டும்தான் இடைநிலை. பி1-ல் இருப்பவர் பழகிய விஷயத்தைச் சமாளித்துவிடுவார். பி2-ல் இருப்பவர் ஒரு யோசனைக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேசுவார், காரணம் சொல்லி எழுதுவார், எதிரில் இருப்பவர் திடீரென்று கேள்வி கேட்டாலும் பேச்சை விடமாட்டார். 'இன்டர்மீடியட்' என்று பெயர் வைத்த பாடம் பெரும்பாலும் இந்த ஒரு படியைத் தாண்டவைப்பதற்குத்தான்.

கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியத்தின் மதிப்பீட்டில், ஆரம்பத்திலிருந்து பி1 வரை வர ஆசிரியர் துணையோடு 350 முதல் 400 மணி நேரம் ஆகும், பி2 வரை வர 500 முதல் 600 மணி நேரம். இடையில் சுமார் 150 முதல் 200 மணி. வாரத்துக்கு மூன்று மணி வீதம் பதினைந்து வாரம் வகுப்பு நடந்தால் 45 மணிதான் ஆகிறது. மீதி நூறு மணிக்கு மேல் நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 'கிளாஸ்ல ஒழுங்கா உட்காருறேன், ஆனாலும் முன்னேற மாட்டேங்குதே' என்று நான் மாதக்கணக்கில் மனம் வெதும்பியிருக்கிறேன். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் அந்த வேதனை வேண்டியிருந்திருக்காது. நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம், நான்கு மாதம். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

மின்னஞ்சலைத் தலைகீழாகத் திருப்புங்கள்

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். காரணம் முன்னால், முடிவு பின்னால். 'மழை பெய்ததால் லாரி வராததால் சரக்கு தாமதமாகும்' என்பதுதான் நமக்கு இயல்பான ஓட்டம். கேட்பவரும் கடைசிச் சொல் வரைக்கும் பொறுத்திருப்பார். ஆங்கிலத்தில் எழுதும்போதும் அதே பொறுமையை நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் கைப்பேசித் திரையில் தெரியும் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, இது இப்போதா, அப்புறமா என்று முடிவு செய்துவிடுகிறார். அமெரிக்க ராணுவத்தில் இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முடிவை முதல் வரியில் சொல், பின்னணி அப்புறம் என்பது அதன் சாரம்.

என் ஒன்பது வரி கடைசியில் இப்படி ஆனது. முதல் வரி: "குட் யூ ஷிப் ஆர்டர் 218 பை 10 மார்ச் இன்ஸ்டெட் ஆஃப் 20 மார்ச்?" இரண்டாவது வரி: "அவர் ஸ்டாக் இஸ் ரன்னிங் லோ." மூன்றாவது: "ப்ளீஸ் லெட் மீ நோ பை தர்ஸ்டே." மேலே ஒரு வணக்கம், கீழே ஒரு நன்றி. எது வேண்டும், ஏன் வேண்டும், எப்போதைக்குள் பதில் வேண்டும். மின்னஞ்சலின் பொருள் (சப்ஜெக்ட்) வரியிலும் 'ரிக்வெஸ்ட்' என்று மொட்டையாகப் போடாமல் 'ஆர்டர் 218: ஏர்லியர் டெலிவரி, 10 மார்ச்' என்று போடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த மின்னஞ்சலைத் தேடி எடுக்கப் போகிறவரும் நீங்கள்தான்.

பழக்க ஒரு வழி: தினம் ஒரு மின்னஞ்சலை உங்கள் மனம் போன போக்கில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் கடைசி வரியை வெட்டி முதல் வரியாக ஒட்டுங்கள். பிறகு நடுவில் உள்ள ஒவ்வொரு வரியிடமும், 'நீ இல்லாவிட்டால் அவர் தவறாக ஏதாவது செய்துவிடுவாரா?' என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்த வரி போகலாம். எனக்கு முதல் பத்து நாள் ஒவ்வொரு வரியை வெட்டும்போதும் மரியாதைக் குறைவாக எதையோ செய்வதுபோல இருந்தது. அந்த உணர்வுக்குக் காரணம் வேறு. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

'ங்க' எங்கே போகும்?

நமக்கு மரியாதை வினைமுற்றில் இருக்கிறது. 'அனுப்பு', 'அனுப்புங்க' என்ற இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். ஆங்கிலத்தில் அந்த விகுதி இல்லை. அதனால் நாம் அந்தக் குறையை நீளத்தால் நிரப்புகிறோம். 'ரெஸ்பெக்டட் சார்', 'கைண்ட்லி', 'ஹம்ப்ளி' என்று முன்னால் அடுக்குகிறோம், நடுவில் கட்டளை மாதிரி ஒரு வாக்கியம் வைக்கிறோம். "கைண்ட்லி சென்ட் த ஃபைல் டுடே" என்பது நம் காதுக்குப் பணிவாக இருக்கும். பல நாடுகளில் அதைப் படிப்பவருக்கு அது 'இன்னிக்கே அனுப்பிடு' என்று விழும்.

ஆங்கிலத்தில் மரியாதை மூன்று இடத்தில் குடியிருக்கிறது. கேள்வி வடிவத்தில், 'குட்', 'வுட்' போன்ற துணைவினைகளில், கொஞ்சம் இறந்தகாலத்திலும். "குட் யூ சென்ட் மீ த ஃபைல் டுடே?" என்பதுதான் 'இன்னிக்கு அனுப்பித் தர முடியுங்களா?' என்பதற்கு நிகர். "ஐ வாஸ் ஒண்டரிங் இஃப் யூ குட்..." என்று தொடங்கினால் இன்னும் ஒரு படி தணிவு. அதில் இறந்தகாலத்துக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது ஒரு அடி பின்னால் தள்ளி நின்று கேட்பது. மறுக்கும்போது "வி கான்ட்" என்பதற்கு முன்னால் "ஐம் அஃப்ரெய்ட்" சேர்த்தால், 'மன்னிச்சுக்கோங்க, முடியாதுங்க' என்ற தொனி வந்துவிடும். இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு, வரிகளை வெட்டும்போது எனக்கு இருந்த குற்ற உணர்வு போய்விட்டது.

இதே 'வுட்' பேரம் பேசும்போது பணமாகவே மாறும். "இஃப் யூ ஆர்டர் 500 யூனிட்ஸ், வி வில் கிவ் யூ ஃபைவ் பர்சென்ட்" என்றால் நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். எதிரில் இருப்பவர் 'சரி' என்றால் ஐந்து சதவீதம் கொடுத்தாக வேண்டும். "இஃப் யூ ஆர்டர்டு 500 யூனிட்ஸ், வி வுட் கன்சிடர் ஃபைவ் பர்சென்ட்" என்றால், 'ஐநூறு எடுத்தீங்கன்னா யோசிக்கலாம்' என்பதுதான். இலக்கணப் புத்தகத்தில் முதல் வகை நிபந்தனை, இரண்டாம் வகை நிபந்தனை என்று படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பேரத்தில் அது வாக்குறுதிக்கும் ஆழம் பார்ப்பதற்கும் நடுவில் உள்ள கோடு. என் வகுப்புத் தோழியும் நானும் வாரம் ஒருநாள் இதற்கென்றே உட்காருவோம். ஒரு சீட்டில் அவள் விற்பவள், அவளுடைய குறைந்தபட்ச விலை. இன்னொன்றில் நான் வாங்குபவள், என்னுடைய அதிகபட்ச விலை. சீட்டை மற்றவருக்குக் காட்டக் கூடாது. பத்து நிமிடம் பேரம், கைப்பேசியில் ஒலிப்பதிவு. பிறகு திரும்பக் கேட்டு, 'வில்' என்று சொன்ன இடங்களில் எத்தனை இடத்தில் உண்மையிலேயே வாக்குக் கொடுக்க நினைத்தோம் என்று எண்ணுவோம். ஒரு பாடநூல் அத்தியாயம் கற்றுத் தராததை இந்தப் பத்து நிமிடம் கற்றுத் தந்தது.

சொல்லைத் தனியாக எழுதாதீர்கள்

இடைநிலையில் பெரும்பாலானோர் செய்வது, கடினமான சொற்களைத் தேடிச் சேர்ப்பது. நானும் ஒரு நோட்டு நிறையச் சேர்த்தேன். அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட வேலையில் எழுதியதில்லை. பிரௌன், கல்லிகன், ஃபிலிப்ஸ் ஆகிய மூவர் 2013-ல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் சுமார் 2,800 சொற்கள் இருக்கின்றன. அதற்கு மேல் வணிகத்துக்கென்று ஒரு துணைப்பட்டியல், அது சுமார் 1,700 சொற்கள். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களாகவே இருக்கும். தெரியாதது அவை யாரோடு சேரும் என்பது.

'மீட்' என்றால் சந்திப்பது. ஆனால் வேலையில் 'மீட் த டெட்லைன்', 'மீட் த டிமாண்ட்', 'மீட் த காஸ்ட்', 'மீட் த டார்கெட்' என்று நான்கு வேலை செய்கிறது. கெடுவுக்குள் முடிப்பது, தேவையை ஈடுகட்டுவது, செலவை ஏற்பது, இலக்கை எட்டுவது. 'ரெய்ஸ்' என்றால் உயர்த்துவது. 'ரெய்ஸ் அன் இன்வாய்ஸ்' என்றால் பில் போடுவது, 'ரெய்ஸ் அ கன்சர்ன்' என்றால் ஒரு கவலையைச் சபையில் வைப்பது, 'ரெய்ஸ் கேப்பிட்டல்' என்றால் முதலீடு திரட்டுவது. இப்படி ஜோடியாகத்தான் நோட்டில் எழுத வேண்டும்.

என் நோட்டின் இடப்பக்கத்தில் தமிழில் ஒரு சூழ்நிலை இருக்கும்: 'வெள்ளிக்குள் முடிக்க முடியாது என்று மேலாளரிடம் சொல்கிறேன்.' வலப்பக்கத்தில் ஆங்கில வாக்கியம். திருப்பிப் படிக்கும்போது வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு சூழ்நிலையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுவேன். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் அர்த்தம் சொல்வது வாசிக்க உதவும், பேச உதவாது. மறதி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்துவிட்டார். அதனால் அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று நான்கு முறை திரும்பிப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு ஐந்து ஜோடி போதும். பத்து வைத்துக்கொண்டு பார்த்தேன், இரண்டாவது வாரமே திரும்பிப் பார்க்கும் வேலை குவிந்து நோட்டையே மூடிவைத்துவிட்டேன்.

பழக்கத்தில் வந்துவிட்ட சில சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ப்ரீபோன்' நம் பக்கத்தில் எல்லோருக்கும் புரியும், வேறு இடங்களில் புரியாமல் போகலாம். 'பிரிங் ஃபார்வர்டு' எங்கேயும் புரியும். 'ரிவர்ட்' என்பதைப் பதில் அனுப்புவது என்ற பொருளில் எழுதுகிறோம். பலருக்கு அதன் பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. 'ரிப்ளை' என்றே எழுதிவிடலாம். 'டேபிள் த ப்ரபோசல்' என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திவைப்பது. ஒரே கூட்டத்தில் இரண்டு நாட்டாரும் இருந்தால் அந்தச் சொல்லைத் தொடாமலிருப்பதே நல்லது.

எண்கள்

வணிக ஆங்கிலத்தில் நான் செய்த பெரிய பிழை ஒரு எண்ணில். பயிற்சிக்காலத்தில் தொலைபேசியில் 'ஃபிஃப்டீன்' என்று சொன்னதை 'ஃபிஃப்டி' என்று குறித்துக்கொண்டேன். மாதிரிக்குப் பதினைந்து பெட்டி வர வேண்டிய இடத்தில் ஐம்பது வந்து இறங்கியது. என்னை யாரும் திட்டவில்லை, அதனாலேயே அதிகம் வலித்தது. 'ஃபிஃப்டீன்' என்பதில் அழுத்தம் பின்பாதியில், இழுத்துச் சொல்ல வேண்டும். 'ஃபிஃப்டி'யில் அழுத்தம் முன்னால், பின்பாதி சுருங்கிவிடும். அதற்குப் பிறகு எந்த எண்ணையும் நான் இரண்டு முறை சொல்கிறேன்: "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்."

லட்சமும் கோடியும் வெளியே எடுபடாது. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். கணக்குப் போட்டுச் சொல்லக் கூடாது, உடனே வாயில் வர வேண்டும். செய்தித்தாளில் வரும் தொகைகளை இப்படி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும். தேதியை 03/04 என்று எழுதவே எழுதாதீர்கள், அது மார்ச் மாதமா ஏப்ரல் மாதமா என்பது படிப்பவரின் நாட்டைப் பொறுத்தது. மாதத்தைப் பெயரால் எழுதுங்கள்.

வரைபடத்தைப் பற்றிப் பேசும்போது 'ரோஸ் டு', 'ரோஸ் பை' இரண்டும் குழம்பும். "சேல்ஸ் ரோஸ் டு 20 மில்லியன்" என்றால் இருபது மில்லியனுக்கு உயர்ந்தது. "ரோஸ் பை 20 மில்லியன்" என்றால் இருபது மில்லியன் கூடியது. தமிழில் அந்த 'க்கு' இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள், இருந்தால் 'டு'. வட்டி 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆனால் அது ஒரு சதவீதப் புள்ளி உயர்வு. 'ஒன் பர்சென்ட்' என்று சொன்னால் தப்பு, கணக்குப்படி அது 25 சதவீத உயர்வு. நிதித் துறைக்குப் போகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

தமிழ் நம்மைக் கவிழ்க்கும் இடங்கள்

சொந்தப் பிழைகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். திருத்தி வரும் ஒவ்வொரு தாளிலிருந்தும் பிழையை அதில் ஏற்றுங்கள், பக்கத்தில் அது ஏன் வந்தது என்று எழுதுங்கள். எனக்கு மூன்று மாதத்தில் ஒரு விஷயம் துலங்கியது. என் பிழைகள் கண்டபடி வரவில்லை. பெரும்பாலும் தமிழ் ஒரு மாதிரியும் ஆங்கிலம் இன்னொரு மாதிரியும் பிரியும் இடங்களில்தான் வந்தன.

'மூணு வருஷமா வேலை பாக்கறேன்' என்பதால் "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று வந்தது. காலத்தின் அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. 'வெள்ளிக்குள்' என்பது 'பை ஃப்ரைடே', 'வெள்ளி வரைக்கும்' என்பது 'அன்டில் ஃப்ரைடே'. அறிக்கையை 'அன்டில் ஃப்ரைடே' தருவேன் என்று ஒருமுறை எழுதிவிட்டேன், படித்தவருக்கு ஒன்றுமே புரியவில்லை. 'அதைப் பற்றிப் பேசுவோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' வருகிறது. 'டிஸ்கஸ்'க்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்', 'ஃபீட்பேக்' ஆகியவற்றுக்குப் பன்மை 'எஸ்' கிடையாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'ஆமாம்'. 'பணம் வரலையா?' என்று கேட்டால் நாம் 'ஆமா, வரலை' என்போம். ஆங்கிலத்தில் "ஹேவ்ன்ட் யூ ரிசீவ்ட் த பேமென்ட்?" என்று கேட்கும்போது 'யெஸ்' என்று மட்டும் சொன்னால், பணம் வந்துவிட்டது என்று பொருள். எதிர்மறைக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். "நோ, வி ஹேவ்ன்ட்" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பயன்படுத்துங்கள், ஆனால் நீங்கள் எழுதி முடித்த பிறகு. உங்கள் வரைவைக் கொடுத்துத் திருத்தச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் கண்டுபிடியுங்கள். காரணம் பிடிபட்டதும் திரையை மூடிவிட்டு நினைவிலிருந்து மறுபடி எழுதுங்கள். முதல் வரைவையே கருவி எழுதிக் கொடுத்தால் உங்கள் பிழைப் பக்கம் காலியாகவே இருக்கும், கூட்டத்தில் வாயைத் திறக்கும்போதுதான் அது தெரியும்.

பேச்சு

ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் மூன்று முறை சொல்லுங்கள். முதலில் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று நிமிடம், கடைசியாக இரண்டு நிமிடம். 1983-ல் கீத் மாரிஸ் என்ற ஆசிரியர் எழுதிவைத்த பயிற்சி இது. பின்னால் மொழியியலாளர் பால் நேஷன் இதை ஆராய்ந்தார். விஷயம் மாறாததால் மனம் யோசனையிலிருந்து விடுபட்டு மொழிமேல் உட்காருகிறது. மூன்றாவது முறை என் தயக்கங்கள் பாதியாகக் குறைந்திருப்பதை ஒலிப்பதிவில் என் காதாலேயே கேட்டேன். ஆள் கிடைக்காத நாளில் சுவரைப் பார்த்துச் செய்தாலும் பலன் உண்டு.

உச்சரிப்புக்காக வேறு யாரோ ஒருவராக மாற வேண்டியதில்லை. உலகில் வணிக ஆங்கிலம் பேசுபவர்களில் மிகப் பலர் நம்மைப்போலவே அதைப் படித்துக் கற்றவர்கள். 2005 வாக்கில் பின்லாந்து ஆய்வாளர்கள் இதற்கென்று ஒரு தனிப் பெயரே வைத்து, பொதுமொழியாக வணிக ஆங்கிலம் என்று ஆராயத் தொடங்கினார்கள். தெளிவுதான் தேவை. நாம் கவனிக்க வேண்டியது நம் எழுத்து மறைத்துவிடும் வேறுபாடுகளை. 'பில்' என்று தமிழில் எழுதினால் அது மாத்திரையா, ரசீதா? இரண்டுக்கும் ஒரே ப. 'விலை' என்ற பொருளில் வரும் 'ப்ரைஸ்' சீறி முடிய வேண்டும். 'பரிசு' என்ற பொருளில் வருவது தேனீ ரீங்காரம்போல முடிய வேண்டும். தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், இரண்டாவதில் அதிர்வு தெரியும். அடுத்து அழுத்தம்: 'இன்க்ரீஸ்', 'எக்ஸ்போர்ட்', 'ரீஃபண்ட்' போன்றவை பெயராக வரும்போது முன்னசையில் அழுத்தம், வினையாக வரும்போது பின்னசையில். இந்த ஒரு விதியைப் பழகினாலே கேட்பவர்கள் 'பார்டன்?' என்று கேட்பது குறைந்துவிடும்.

கூட்டத்தில் வாய் திறக்க முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் முழு வாக்கியத்தையும் மனசில் கட்டி முடிக்கும்வரை காத்திருப்பது. கட்டி முடிக்கும்போது பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. "கேன் ஐ கம் இன் ஹியர்?" என்று கேட்டு முதலில் இடத்தைப் பிடியுங்கள். எல்லோரும் உங்கள் பக்கம் திரும்பும் அந்த இரண்டு நொடி வாக்கியத்துக்குப் போதும்.

வாசிப்பு, தேர்வு

வாசிக்க வேண்டியது உங்கள் துறையில் உண்மையாக எழுதப்பட்டவற்றை. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு எழுதிய ஆண்டுக் கடிதங்கள் 1977 முதல் பெர்க்‌ஷையர் ஹாத்வே இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதுவதாக அவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் அறிவாளிகள், ஆனால் கணக்கியல் நிபுணர்கள் அல்ல. அதனால் அந்தக் கடிதங்களின் வாக்கியங்கள் நம்மால் பின்பற்றக்கூடியவை. ஒரு பத்தியை எடுத்து, பெயரையும் எண்ணையும் அகற்றிவிட்டு, அதே எலும்புக்கூட்டில் வேறொரு நிறுவனத்தைப் பற்றி எழுதிப் பாருங்கள். ஏற்றுமதிப் பக்கம் போகிறவர்கள், சர்வதேச வர்த்தக சபை 1936-ல் தொடங்கி அவ்வப்போது திருத்திவரும் இன்கோடெர்ம்ஸ் விதிகளையும் படித்துவிடுங்கள், சரக்கை அனுப்புவதில் எந்தச் செலவும் பொறுப்பும் விற்பவருக்கு, எது வாங்குபவருக்கு என்று வகுப்பவை அவை. 2020 பதிப்பில் 11 விதிகள்தான்.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாக. வேலையிடத்து ஆங்கிலத்தை அளக்கும் டோயிக் தேர்வின் கேட்டல், வாசித்தல் பகுதியில் இரண்டு மணி நேரத்தில் 200 கேள்விகள், மதிப்பெண் 10 முதல் 990 வரை. அது பேச்சையும் எழுத்தையும் அளக்காது, அவற்றுக்குத் தனித் தேர்வு. கேம்பிரிட்ஜின் பி2 படி வணிக ஆங்கிலத் தேர்வான பிசினஸ் வான்டேஜின் பழைய வினாத்தாள்கள் எழுத்துப் பயிற்சிக்கு மிக நல்லவை: 45 நிமிடத்தில் 40 முதல் 50 சொல்லில் ஒரு உள் அலுவலகச் செய்தி, 120 முதல் 140 சொல்லில் ஒரு கடிதமோ அறிக்கையோ. அந்தச் சொல் வரம்புதான் அதன் அருமை.

கடைசியாக, தொலைபேசி. முகம் தெரியாது, கை அசைவு தெரியாது, பின்னால் இரைச்சல் வேறு. புரியாதபோது 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டிவிடுவது எனக்கும் இருந்த பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கைவிட மூன்று வாக்கியம் போதும். "சாரி, ஐ மிஸ்ட் த லாஸ்ட் பார்ட்" என்றால் எந்த இடம் விட்டுப்போனது என்று அவருக்குத் தெரிந்துவிடும், முழுசாகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது. "குட் யூ ஸ்பெல் தட் ஃபார் மீ?" என்பது பெயருக்கும் முகவரிக்கும். "லெட் மீ ரீட் தட் பேக் டு யூ" என்று சொல்லி, குறித்துக்கொண்ட எண், தேதி, அளவு மூன்றையும் வாசித்துக் காட்டுங்கள். அழைப்பு முடிந்ததும் சூடு ஆறுவதற்குள் அதையே மூன்று வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். "ஆஸ் டிஸ்கஸ்ட், யூ வில் சென்ட் 15 பாக்ஸஸ் பை 10 மார்ச்" என்று தொடங்கினால் போதும், தவறாகக் கேட்டிருந்தால் லாரி கிளம்பும் முன்னரே பதில் வந்துவிடும்.